குரங்கு அரசனின் இரண்டு மேடைகள்

2008ஆம் ஆண்டுக் கோடையில் லண்டனில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு குரங்கு முகம். ரயில் நிலையச் சுவர்களில், பத்திரிகைகளின் கலைப் பக்கங்களில், பேருந்துக்குக் காத்திருக்கும் இடங்களில். வீட்டுக்கு வந்து தொலைக்காட்சியைப் போட்டால் அங்கும் அதுதான். பெய்ஜிங் ஒலிம்பிக் ஒளிபரப்புக்காக பிபிசி தயாரித்த முன்னோட்டக் கார்ட்டூனில் குரங்கும் பன்றியும் இன்னொரு பூதமும் ஓடி, தாண்டி, நீந்தி விளையாட்டு அரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அதை வரைந்தவர் ஜேமி ஹியூலெட், இசையமைத்தவர் டேமன் ஆல்பர்ன். 'கொரில்லாஸ்' என்ற கார்ட்டூன் இசைக்குழுவை உருவாக்கி உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய ஜோடி. அவர்கள் இருவரும் சென் ஷி-செங் என்ற சீன இயக்குநரோடு சேர்ந்து செய்த 'மங்கி: ஜர்னி டு த வெஸ்ட்' அந்த ஜூலையில் ராயல் ஓப்பரா ஹவுஸுக்கு வந்தது.

அதற்கு முன்பே அதன் புகழ் லண்டனை எட்டியிருந்தது. 2007 ஜூன் 28ஆம் தேதி மான்செஸ்டர் பேலஸ் தியேட்டரில் அரங்கேறியது. மான்செஸ்டர் சர்வதேசக் கலை விழா என்ற ஒன்று தொடங்கிய ஆண்டு அது. விழாவின் பெருமையையே இந்த நாடகத்தின் தோளில் ஏற்றி வைத்திருந்தார்கள். பிறகு பாரிஸின் ஷாட்லே அரங்கம், அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரம், அப்புறம் லண்டன். முழுக்க முழுக்க மாண்டரின் மொழிப் பாடல்கள், சீனாவிலிருந்து வந்த சர்க்கஸ் கலைஞர்கள், சண்டைக் கலை வீரர்கள், பாடகர்கள், நடுவே கார்ட்டூன் திரைப்படம். ஓப்பராவா, சர்க்கஸா, ராக் கச்சேரியா என்று கேட்டுக் கேட்டே பத்திரிகைகள் எழுதின. ராக் பாடகருக்கு ராயல் ஓப்பரா ஹவுஸ் கதவு திறந்தது என்பதுதான் எல்லோருக்கும் செய்தி. அந்தக் குரங்கு யார் என்பது யாருக்கும் செய்தியாகவில்லை.

எனக்கு அது முக்கியம். அந்தக் குரங்கு எனக்குத் தெரிந்த சாமி.

சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் துறைமுகத்துக்குப் பக்கத்தில் எழுபதுகளில் வளர்ந்த பிள்ளை நான். துறைமுகத்திலும் ரயில்வேயிலும் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் அந்தப் பக்கம் நிறைய. அங்கிருந்து நடக்கிற தூரத்தில் தியோங் பாரு. அங்கே எங் ஹூன் தெருவில் குரங்கு அரசனுக்கு ஒரு கோயில் இருக்கிறது: சீ தியன் கோங். 1920இல் தொடங்கிய கோயில். 1938இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. 'ஜர்னி டு த வெஸ்ட்' என்ற பழைய சீனப் புத்தகத்தில் சுன் வூகொங் என்று வருபவரை அங்கே தாய் செங் யா என்று கூப்பிடுவார்கள். விண்ணுலகத்துக்குச் சமமான பெரிய ஞானி என்று அவருக்கு அவரே சூட்டிக்கொண்ட பட்டம் கோயிலின் பெயரிலேயே இருக்கிறது. வேண்டுதல், ஊதுவத்தி, ஆரஞ்சுப் பழம், தேங்காய் எண்ணெய் விளக்கு, காணிக்கை, எல்லாம் உண்டு. சீன எட்டாம் மாதம் பதினாறாம் நாள் அவருக்குப் பிறந்தநாள். மூன்கேக் திருவிழாவுக்கு மறுநாள்.

அன்றைக்கு வாயாங் போடுவார்கள். தெருவில் மேடை கட்டி ஆடும் சீன ஓப்பராவுக்கு சிங்கப்பூரில் எல்லா இனத்தாரும் சொல்லும் பெயர் அதுதான். மரக்கம்பு நட்டு, பலகை பரப்பி, மேலே தார்ப்பாய் இழுத்துக் கட்டிய மேடை. அந்த மேடை பார்வையாளரைப் பார்த்து நிற்காது. கோயிலைப் பார்த்து நிற்கும். ஆட்டம் சாமிக்கு. நாங்கள் சாமிக்கும் மேடைக்கும் நடுவில் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள். ஏழாம் மாதம் ஆவிகளுக்காக நடக்கும் வாயாங்கில் முதல் வரிசை நாற்காலிகளைக் காலியாக விட்டுவிடுவார்கள். அதில் போய் உட்காரும் பிள்ளைக்குக் காதைப் பிடித்துத் திருகல் உறுதி.

எங்களை அழைத்துப் போனது அப்பாயி. பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவள். ஹொக்கியென் மொழியில் ஒரு சொல் தெரியாது. சந்தைக்குப் போதுமான மலாய் தெரியும், அவ்வளவுதான். ஆனால் வாயாங்கை அவள் புரியாமல் பார்த்ததாக எனக்கு நினைவே இல்லை. குரங்கு வேடக்காரர் கையில் கோலோடு மேடைக்குத் தாவி வந்து, இமையைப் படபடவென்று அடித்து, புறங்கையால் முகவாயைச் சொறிந்துகொண்டதும் அப்பாயி கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

"காலை மடக்கி உக்காரு. சாமி முன்னால நீட்டாத."

"அப்பாயி, இவரு சீனச் சாமி."

"கடல தாண்டுனவருதானே? இங்கயும் தாண்டி வந்திருக்காரு. பேசாம பாரு."

அப்பாயி சொன்னதை வளர்ந்த பிறகு புத்தகங்களில் பார்த்தபோது சிலிர்த்தது. சுன் வூகொங்கின் மூலம் அனுமன் என்று 1923இலேயே ஹூ ஷி என்ற சீன அறிஞர் கருத்துச் சொல்லியிருக்கிறார். லூ ஷுன் அதை ஏற்கவில்லை. சீனாவின் பழைய நீர்ப் பேய்க் கதை ஒன்றிலிருந்து வந்தவர் என்றார். வழக்கு இன்னும் முடியவில்லை. சுவான்சோ துறைமுக நகரத்தில் கையுவான் கோயில் இருக்கிறது. 1237இல் கட்டி முடித்த அதன் மேற்குக் கோபுரத்தில் வாளேந்திய குரங்கு வீரர் ஒருவரின் புடைப்புச் சிற்பம் உண்டு. அதே ஊரில் தமிழ் வணிகர்களுக்குச் சிவன் கோயில் இருந்தது. 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அனுமன்தான் சுன் வூகொங் என்று இதை வைத்து நான் தீர்ப்பு எழுத மாட்டேன். ஆனால் அந்தக் குரங்குக் கதை கேட்ட தெருக்களில் எழுநூறு ஆண்டுக்கு முன்பே தமிழ் பேசியவர்கள் நடந்திருக்கிறார்கள் என்பது கல்லில் இருக்கிறது. தியோங் பாருவில் கன்னத்தில் போட்டுக்கொண்ட என் அப்பாயி அந்த வரிசையில் வந்தவள்.

வாயாங் நடக்கும் இடத்தில் தமிழர் என்று நாங்கள் மட்டும் இல்லை. தலையில் மரத்தட்டுச் சுமந்து கச்சாங் பூத்தே விற்கிற மாமா கட்டாயம் இருப்பார். அந்த வியாபாரம் அந்தக் காலத்தில் நம் ஆட்கள் கையில்தான் இருந்தது. வேர்க்கடலை, பட்டாணி, கடலை, முறுக்குத் துண்டு என்று தனித்தனிப் பையில் வைத்திருப்பார். பழைய பள்ளிக்கூட நோட்டுத் தாளைக் கூம்பாகச் சுருட்டி அதில் அளந்து போடுவார். எந்தக் குழு எந்த ஊரில் எந்த இரவு ஆடுகிறது என்பது அவருக்கு அத்துப்படி, ஏனென்றால் அவர் வயிறு அதோடு கட்டியிருந்தது.

எனக்கு மேடைக்கு முன்னால் இருப்பதைவிடப் பின்னால் இருக்கப் பிடிக்கும். யாரும் விரட்ட மாட்டார்கள். இடுப்புயரப் பலகைத் தளத்தில் மோவாயை வைத்துக்கொண்டு பார்க்கலாம். தகரப் பெட்டியைத் திறந்து வைத்து அதன் மூடியில் கண்ணாடியைச் சாய்த்து ஒரு பெண் புருவம் எழுதிக்கொண்டிருப்பார். பக்கத்தில் தொட்டிலில் அவர் குழந்தை தூங்கும். குரங்கு வேடக்காரர் முகத்தில் சிவப்பை இழைப்பார்; நெற்றியிலிருந்து கன்னம் வரை கவிழ்த்து வைத்த பீச்சுப் பழ வடிவம். அதை எழுதி முடிக்கும் வரை வாய் திறந்து பேச மாட்டார். எழுதி முடித்ததும் அவருடைய கழுத்து நிற்கிற விதமே மாறிவிடும். நாடகம் என்றால் என்ன என்று எனக்குக் கற்றுக்கொடுத்த நொடி அதுதான், பிறகு படித்த எந்தப் புத்தகமும் அதற்கு மேல் சொல்லவில்லை.

முதலில் கதை தொடங்காது. எட்டு அமரர்கள் வந்து சாமிக்கு வாழ்த்துச் சொல்லும் சடங்கு. அதன் பிறகுதான் நாடகம். பெரிய ஜால்ராவும் சேகண்டியும் சின்ன முரசும் ஒரு பக்கம். சுவோனா என்ற அவர்கள் நாதஸ்வரம் அந்தத் தெருவையே கிழிக்கும். இரவு பத்து மணிக்கு மேல் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சாய்ந்துவிடுவார்கள். குரங்கு விண்ணுலகத் தோட்டத்தில் பீச்சுப் பழங்களைத் தின்று தீர்ப்பது வரை நான் விழித்திருப்பேன்.

ஒருமுறை கோயில் வாசலில் தாங்-கி ஒருவரைப் பார்த்தோம். சாமியாடி. முரசு ஏற ஏற அவர் உடல் நடுங்கி, முதுகு வளைந்து, கண்கள் குறுகி, கைகள் மடங்கின. நாற்காலி மேல் குந்தி உட்கார்ந்து தலையைச் சொறிந்துகொண்டார். பிள்ளைகளைப் பார்த்துப் பல்லைக் காட்டினார். சனம் ஒவ்வொருவராக முன்னால் போய் நோய் சொல்லி, கடன் சொல்லி, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் சொல்லிக் கேட்டது. நான் அப்பாயி முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவளுக்குப் பயமில்லை. தைப்பூசத்தில் காவடி பார்த்தவள், ஊரில் குலசாமிக்கு ஆடியவர்களைப் பார்த்தவள். "சாமி வந்திருக்கு" என்று சொல்லி என்னையும் முன்னால் தள்ளினாள். அவர் என் தலையில் கை வைத்தார். அந்தக் கை சூடாக இருந்தது.

இத்தனையும் உள்ளே இருக்க, ராயல் ஓப்பரா ஹவுஸின் உச்சி மாடியில் போய் உட்கார்ந்தேன். இரண்டாயிரத்துக்கும் மேல் பேர் உட்காரும் அரங்கம், பொன் பூச்சு, சிவப்பு வெல்வெட் திரை. வழக்கமான ஓப்பரா கூட்டத்தோடு டி-ஷர்ட் போட்ட இளைஞர் கூட்டமும் கலந்திருந்தது. ஓப்பரா வீட்டுக்குள் அதுவரை கால் வைக்காத பிள்ளைகள் அவர்கள் என்பது அவர்கள் அண்ணாந்து கூரையைப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. அதற்காக ஆல்பர்னுக்கும் ஹியூலெட்டுக்கும் நன்றி சொல்ல வேண்டும். அந்தக் கதவை அவர்கள் திறந்தார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

முதலில் கார்ட்டூன் திரை: கல் முட்டை ஒன்று வெடித்துக் குரங்கு பிறக்கிறது. திரை விலகியதும் உயர்ந்த மூங்கில் கழிகள், அவற்றில் ஏறியும் சறுக்கியும் தாவும் குரங்குக் கூட்டம். கீழ்க்கடலின் டிராகன் அரசனிடம் போய் இரும்புக் கோலைப் பிடுங்கும் காட்சியில் நீருக்கடியில் வாழும் உயிர்களாக வளைந்த உடல்களைப் பார்த்தபோது எலும்பில்லாத பிறவிகளோ என்று தோன்றியது. விண்ணுலகத்துப் பெண்கள் கழி நுனிகளில் தட்டுகளைச் சுழற்றிக்கொண்டே நடந்தார்கள். சிலந்திப் பெண்கள் பட்டுத் துணியைக் காலில் சுற்றிக்கொண்டு தலைகீழாக உயரத்திலிருந்து இறங்கினார்கள். எந்த வலையும் கீழே தெரியவில்லை. அரங்கம் மூச்சை அடக்கிக்கொண்டது. என் கைகளும் நாற்காலியின் விளிம்பைப் பிடித்திருந்தன.

இசையைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சீன இசையைப் போல ஒப்பேற்றும் மலிவான வேலையை ஆல்பர்ன் செய்யவில்லை. பிப்பா மாதிரியான சீன வாத்தியங்களோடு மின்னொலிக் கருவிகளும், கார் ஹார்ன்களை அடுக்கிச் செய்த ஒரு வாத்தியமும் அதில் இருந்தன. அந்த ஹார்ன் ஒலியில் நவீனச் சீன நகரத்தின் தெரு கேட்டது. அந்த இசையின் ஆல்பம் அடுத்த மாதமே வெளிவந்து பிரிட்டனில் முதல் பத்துக்குள் இடம்பிடித்தது. எனக்கும் அது பிடித்திருந்தது, இப்போதும் பிடிக்கும்.

ஆனால் கதை ஓடியது. நூறு அத்தியாயங்கள் கொண்ட பெருநூல் அது. 1592இல் நான்ஜிங்கில் அச்சானது. வூ செங்-அன் எழுதியது என்பது மரபு. ஆர்தர் வேலி 1942இல் ஆங்கிலத்தில் சுருக்கித் தந்தபோதே முப்பது அத்தியாயங்களைத்தான் எடுத்துக்கொண்டார். ஏறக்குறைய இரண்டு மணி நேர மேடையில் அதை அடக்குவது எளிதல்ல, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு ஒரே வழி, எதைச் சொல்வது, எதை விடுவது என்று தீர்மானிப்பது. அங்கே சாகசம் எதற்கெல்லாம் இடம் தந்ததோ அதெல்லாம் தங்கியது. சாகசம் கேட்காத எல்லாம் போயிற்று. அப்படிப் போனதில் முக்கியமானவர் துறவி.

அந்தத் துறவி சுவான்சாங் கற்பனை மனிதர் அல்ல. ஏழாம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து பௌத்த நூல்களைத் தேடி மண்ணும் பாலையும் பனிமலையும் கடந்து இந்தியாவுக்கு வந்தவர். நாலந்தாவில் படித்தவர். 640 வாக்கில் நம் காஞ்சிபுரம் வரைக்கும் வந்திருக்கிறார். பல்லவன் நரசிம்மவர்மன் ஆண்ட காலம். அங்கிருந்து இலங்கைக்குக் கப்பலேற நினைத்தவரை, அங்கே அரசன் இறந்து பஞ்சமும் குழப்பமும் என்று வந்த துறவிகள் சொன்ன செய்தி தடுத்தது. 645இல் 657 நூல்களோடு தலைநகர் திரும்பினார். மீதி வாழ்நாளை அவற்றை மொழிபெயர்ப்பதில் கழித்தார். இந்த ஒரு மனிதரின் பிடிவாதத்தைச் சுற்றித்தான் குரங்கும் பன்றியும் பூதங்களும் வந்து ஒட்டிக்கொண்டன.

கதையில் துறவி பயந்தாங்கொள்ளி, எதற்கும் அழுகிறவர், குரங்கு சொன்னால் கேட்காதவர். இருந்தும் எல்லா வல்லமையும் கொண்ட குரங்கு அவர் காலடியில் இருக்கிறது. ஐந்நூறு ஆண்டு மலைக்கடியில் கிடந்த கர்வம் ஒரு கோழை மனிதனுக்குத் தொண்டு செய்து செய்தே கரைகிறது. நூலின் உயிர் அந்த உறவு. வாயாங்கில் அதை நான் பார்த்திருக்கிறேன். எலும்புப் பேய் பெண்ணாக, கிழவியாக, கிழவனாக மூன்று முறை வேடமிட்டு வருகிறாள். மூன்று முறையும் அடித்து வீழ்த்திய குரங்கைக் கொலைகாரன் என்று துறவி விரட்டிவிடுகிறார். குரங்கு போகும் முன் அவரை விழுந்து வணங்க வருகிறது. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இன்னொரு பக்கம் ஓடிப் போய் வணங்குகிறது. மறுபடியும் திருப்பிக்கொள்கிறார். சேகண்டி நின்றுவிடும், சின்ன முரசு மட்டும் தட்டும். தியோங் பாருவின் கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எங்கள் அப்பாயியும்தான், அவளுக்கு ஒரு வார்த்தை புரியாமலே. ராயல் ஓப்பரா ஹவுஸில் யாரும் அழுவதற்கு ஒரு நொடி கூடத் தரப்படவில்லை. அடுத்த சாகசம் காத்திருந்தது.

இதில் எனக்கு வருத்தம் அதிகமாவதற்குக் காரணம் சென் ஷி-செங். அவருக்கு இது தெரியாததல்ல. பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் சிறு வயதிலேயே தாயைப் பறிகொடுத்து, ஹூனானின் சாங்ஷாவில் இழவு வீட்டில் பாடும் மரபுக் கலைஞர்களிடம் வளர்ந்தவர் அவர். 1999இல் நியூயார்க் லிங்கன் சென்டரில் 'பியோனி பெவிலியன்' என்ற மிங் காலத்து நாடகத்தின் 55 காட்சிகளையும் விடாமல், ஏறக்குறைய இருபது மணி நேரம், பல நாள் பிரித்து மேடையேற்றியவரும் அவரே. அதற்கு முந்தைய ஆண்டே நடந்திருக்க வேண்டியது; ஷாங்காய் அதிகாரிகள் கலைஞர்களை அனுப்ப மறுத்ததால் ஓராண்டு தள்ளிப்போனது. பொறுமை என்றால் என்ன என்று தெரிந்த கை அது. அந்தக் கைக்கு விளம்பரம் தந்தது இரண்டு மணி நேரம்.

சுவரொட்டியில் மூன்று பெயர்கள். சிலந்திப் பெண்ணாகத் தலைகீழாகத் தொங்கியவரின் பெயர் இல்லை; தட்டுச் சுழற்றியவர்கள் பெயர் இல்லை; குரங்காகவே ஆகிவிட்ட அந்த இளைஞரின் பெயர் கூட நான் பார்த்த எந்தச் சுவரொட்டியிலும் இல்லை. ஆறு ஏழு வயதில் பள்ளியில் சேர்ந்து முதுகை வளைக்கத் தொடங்கியிருந்தால்தான் அப்படி ஒரு உடல் கிடைக்கும். சீன மேடையில் குரங்கு வேடத்துக்குப் பெரும் பரம்பரைகளே உண்டு. சாங் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் குரங்கு வேடம் போட்ட குடும்பம். தந்தையின் பட்டப்பெயர் 'லியூ லிங் தொங்'. வாரிசாக வளர்ந்த ஒரு மகன் 1966இல் சிறு வயதிலேயே இரத்தப் புற்றுநோயில் இறந்துபோக, தம்பி சாங் ஜின்லாய் அந்தக் கோலை எடுத்துக்கொண்டார். 1986இல் சீனத் தொலைக்காட்சியில் வந்த தொடரில் குரங்கு அரசனாக நடித்தவர் அவர்தான். சீனாவில் இன்றைக்கும் குரங்கு அரசன் என்றதும் கோடிக்கணக்கானவர்கள் மனத்தில் வரும் முகம் அவருடையது. ஒரு அண்ணனின் இழப்பு இருக்கிறது அந்த முகத்தில். இப்படி வந்த ஒரு கலையை இரண்டு ஆங்கிலேயர்கள் கண்டெடுத்து உயிர்கொடுத்தார்கள் என்பது மாதிரி எழுதிய பத்திரிகைகளை அன்றைக்குப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. இன்றும் அந்தக் கோபம் சரியானது என்றே நினைக்கிறேன்.

அந்த நவம்பரில் நாடகத்தை ஓ2 வளாகத்துக்குக் கொண்டு போனார்கள். அதற்கென்றே தனிக் கூடாரம் போட்டு, 'மங்கிஸ் வேர்ல்டு' என்று பெயர் வைத்தார்கள். 2013இல் நியூயார்க்கில் லிங்கன் சென்டர் விழாவில் ஒரு சுற்று ஆடியது. அதன் பிறகு அந்தப் பெயரை நான் எங்கும் பெரிய எழுத்தில் பார்க்கவில்லை. குரங்கு மட்டும் நிற்கவில்லை. 2024 ஆகஸ்டில் சீனாவிலிருந்து வந்த 'பிளாக் மித்: வூகொங்' என்ற கணினி விளையாட்டு மூன்றே நாளில் ஒரு கோடிப் பிரதிகள் விற்றது. என் சொந்தக்காரப் பிள்ளைகள் கூட அதை விளையாடுகிறார்கள். கதைக்கு ஒரு ஆபத்தும் இல்லை. அது எந்த விளம்பரத்தையும் விழுங்கிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும்.

ஆபத்து தெரு மேடைக்குத்தான். ஊர் திரும்பிய பிறகு ஏழாம் மாதத்தில் வாயாங் தேடி அலைய வேண்டியிருக்கிறது. கூடாரங்கள் உண்டு, விளக்குகள் உண்டு, ஒலிபெருக்கி காதைப் பிளக்கும். ஆனால் பெரும்பாலும் கெத்தாய்: பாட்டும் வேடிக்கைப் பேச்சும். அதை நான் குறை சொல்லவில்லை. அதற்கும் தெம்பான கலைஞர்கள் இருக்கிறார்கள். முதல் வரிசையைக் காலியாக விடும் வழக்கத்தையும் அவர்கள் காப்பாற்றுகிறார்கள். ஓப்பரா நடக்கும் இடத்தில் பின்வரிசைகளும் காலியாக இருப்பதுதான் மனத்தை அறுக்கிறது. பழைய கிழவிகள் சிலர், கேமராவோடு வந்த வெளிநாட்டுப் பயணிகள் சிலர். மேடையில் படைத்தளபதியாக வருகிறவருக்கு என் அப்பா வயது.

காரணம் தெரியாததல்ல. 1979இல் மாண்டரின் பேசு இயக்கம் தொடங்கியது. ஹொக்கியென், தியோசூ, கன்டனீஸ் மொழி நிகழ்ச்சிகள் வானொலியிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் விலக்கப்பட்டன. ரெடிஃபியூஷன் கம்பி வானொலியில் லீ தாய் சோர் கன்டனீஸில் கதை சொன்னால் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். 1982இல் அதுவும் நின்றது. சீன இனத்தார் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மொழி வேண்டும் என்ற நோக்கத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் வாயாங் பாடியது பாட்டி மொழியில். பேரனுக்கு அந்த மொழியை எடுத்துவிட்டால் அவன் எதைக் கேட்க வருவான்? கம்போங் கிராமங்கள் அடுக்குமாடிகளானதும், இரவில் சத்தத்துக்கு நேர வரம்பு வந்ததும் அதற்கு அடுத்த காரணங்கள்தான். மொழி போன நாளிலேயே பாதிக் கூட்டம் எழுந்து போய்விட்டது. சிறுபான்மை மொழியில் பிள்ளை வளர்க்கும் எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

யுனெஸ்கோ பட்டியலில் 2009இல் கன்டனீஸ் ஓப்பராவும் 2010இல் பெய்ஜிங் ஓப்பராவும் ஏறின. பெருமைதான். பெரிய அரங்குகளில் அவற்றைப் பார்க்கலாம். சிங்கப்பூரிலும் கிரேத்தா ஆயர் மக்கள் அரங்கம் 1969இலிருந்து இருக்கிறது. 1981இல் தொடங்கிய சைனீஸ் தியேட்டர் சர்க்கிள் இன்றைக்கும் பெயர் சொல்லும் அமைப்பு. அரங்கத்துக்குள் கலை பிழைத்துக்கொள்ளும். சாமியைப் பார்த்து ஆடும் ஆட்டம் அரங்கத்துக்குள் போக முடியாது. நுழைவுச் சீட்டு வைத்த நொடியே மேடை பார்வையாளர் பக்கம் திரும்பிவிடுகிறது. லண்டனில் நான் பார்த்தது அப்படித் திரும்பிய மேடையைத்தான். எங்களை மகிழ்விப்பதற்கென்றே அத்தனை உடல்களும் வளைந்தன, அத்தனை விளக்குகளும் எரிந்தன. மகிழ்ந்தோம், கைதட்டினோம், வீட்டுக்குப் போனோம். எனக்கு லண்டன் நாடகம் நல்ல நாடகம். தியோங் பாருவில் பார்த்தது பெரிய நாடகம். இரண்டையும் பார்த்தவளாக இதைச் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கும், அங்கே உறவினர் வீட்டுக்கு வருபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மூன்கேக் திருவிழாவுக்கு மறுநாள் மாலை எங் ஹூன் தெருவுக்குப் போங்கள். சிங்க நடனம் இருக்கும், சாமி ஊர்வலத்துக்கான ஆரவாரம் இருக்கும். தீவில் எந்தக் கோயில் வாசலிலாவது மேடை கட்டி வாயாங் ஆடுவதைக் கண்டால் காரை நிறுத்துங்கள். ஏழாம் மாதமாக இருந்தால் முதல் வரிசையை விட்டுவிட்டு உட்காருங்கள். மொழி புரியவில்லை என்று எழுந்து வந்துவிடாதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்; அவர்களை மேடைக்குப் பின்னாலும் ஒரு சுற்று விடுங்கள். ஆட்டம் முடிந்ததும் குரங்கு வேடம் போட்டவரிடம் போய் அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டணம் கிடையாது.